பெட்டி பார்க்க ஜெர்மனிக்கு

முதல் நாள், நியூரம்பெர்க்

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்வது எங்கள் குடும்பத் தொழில். தாத்தா கல் அச்சில் வேலை பார்த்தார். அப்பா ஆஃப்செட் மெஷினில் நின்றார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுகிறேன். போன ஆடி மாதம் பிஸ்கட் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். "கிறிஸ்துமஸ் பெட்டி ஒண்ணு வேணும்மா, ஜெர்மன் ஸ்டைல்ல இருக்கணும்" என்று செல்போனில் ஒரு படம் காட்டினார். மலைமேல் கோட்டை, பனி, கொக்கி கொக்கியாகப் பழைய எழுத்து. மூன்று மாதிரி போட்டுக் கொடுத்தேன். அவருக்கு மூன்றுமே பிடித்திருந்தது. எனக்கு ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. பார்க்காத ஊரின் கோட்டையை எத்தனை அழகாக வரைந்தாலும் அது காலண்டர் படமாகத்தான் வந்தது. "இந்த வருஷம் பழைய பெட்டியிலேயே போகட்டும் சார், அடுத்த வருஷத்துக்கு நல்லா செஞ்சு தரேன்" என்று கேட்டுக்கொண்டு, சேர்த்து வைத்திருந்த பணத்தில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம். குளிர் இன்னும் கடிக்கவில்லை. ஆனால் கடைகளில் கிறிஸ்துமஸ் சரக்கு வந்து இறங்கிவிட்டது. நியூரம்பெர்க்கின் பேர் சொல்லும் பண்டம் லெப்கூகன். தேன், கொட்டைப் பருப்பு, லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்த்துச் சுடும் மெத்தென்ற பிஸ்கட். வெனிஸ் வழியாக வந்த வாசனைச் சரக்கு இந்த ஊர் வணிகர்கள் கையில் இருந்தது, ஊரைச் சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது, பண்டம் பிறந்துவிட்டது. இதில் எலிசன் என்ற வகைதான் உசத்தி. குறைந்தது 25 சதவீதம் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நான் பார்க்க வந்தது அதன் தகரப் பெட்டிகளை. புதையல் பெட்டி போல வளைந்த மூடி வைத்தவை, வீடு மாதிரி கூரை வைத்தவை, உருளை, அறுகோணம் என்று ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தார்கள். வீட்டுப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மரச் சட்டம் போட்ட பழைய வீடு. ஒவ்வொரு சட்டமும் விரல் தடவினால் தெரியும்படி மேடாக எழும்பி நிற்கிறது. தகரத்தில் முதலில் தட்டையாக அச்சடித்து, அப்புறம்தான் அழுத்தி வளைப்பார்கள். ஆகவே அச்சில் ஜன்னல் இருக்கும் இடமும் அழுத்தத்தில் ஜன்னல் மேடு விழும் இடமும் ஒன்றாக வர வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஜன்னலுக்கு இரண்டு விளிம்பு தெரியும். பத்துப் பெட்டி எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட விலகல் இல்லை. கடைக்காரப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் ஒன்றை வாங்கிவிட்டேன்.

ஒரு பழங்கதையும் கேட்டேன். 1487ல் பேரரசர் மூன்றாம் ஃப்ரெடரிக் இங்கே வந்திருந்தபோது, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுத் தன் உருவம் பதித்த லெப்கூகனைக் கொடுத்தாராம். மர அச்சில் செதுக்கி மாவில் பதிப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படிப் பார்த்தால், பெட்டியில் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பண்டத்தின் மேலேயே படம் வந்துவிட்டது.

மத்தியானம் ஆல்பிரெக்ட் ட்யூரர் வீட்டுக்குப் போனேன். 1509லிருந்து 1528ல் இறக்கும் வரை ஓவியர் இருந்த வீடு. உள்ளே ஓர் அச்சுக்கூடமும் வைத்திருக்கிறார்கள். அவருடைய முத்திரையைப் பலர் பார்த்திருப்பீர்கள்: அகலமான A, அதன் கால்களுக்கு நடுவில் சின்ன D. 1512ல் நகர மன்றத்தின் முன்னாலேயே ஒருவர் இந்த முத்திரையைக் கள்ளமாகப் போட்ட படங்களை விற்றார். நகர சபை என்ன உத்தரவு போட்டது தெரியுமா? முத்திரையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படங்கள் பறிமுதல். படத்தைப் பார்த்து நகல் செய்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை, அடையாளத்தைத் திருடியதைத்தான் சொன்னார்கள். 500 வருஷத்துக்கு முந்திய டிரேட்மார்க் வழக்கு! ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் ஊர் லேபிளைக் காப்பியடித்து யாராவது விற்கும்போது நான் படும் எரிச்சலை இந்த மனிதரும் பட்டிருக்கிறார்.

இரவு அறையில் உட்கார்ந்து அந்தக் கொக்கி எழுத்தைப் பற்றி யோசித்தேன். ஃப்ராக்டூர் என்று பெயர். பேரரசர் மாக்ஸிமிலியனுக்காக 1517ல் இதே ஊரில் அச்சான புத்தகம் அதற்கு ஒரு முக்கியமான தொடக்கம். பலர் இதை ஹிட்லர் காலத்து எழுத்து என்று நினைக்கிறார்கள். ஆனால் 1941 ஜனவரியில் இதைக் கைவிடச் சொல்லி உத்தரவு போட்டதே நாஜி அரசுதான். இன்று பீர் லேபிளிலும் சத்திரத்துப் பலகையிலும் மிஞ்சியிருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு அது பழமையின் வாசனை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறு ஏதேதோ நினைவு. இந்த எழுத்தைப் பிஸ்கட் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை என்பது மட்டும் இன்று முடிவானது.

இரண்டாம் நாள், ஸோல்ன்ஹோஃபென்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் வேண்டிய இடம் இதுதான். சின்ன ஊர். ட்ராய்க்ட்லிங்கனில் ரயில் மாறினால் அல்ட்மூல் ஆற்றை ஒட்டியே வண்டி போகிறது. ஆற்றுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கல் குவாரிகள். பழைய வீடுகளின் கூரையிலும் ஓட்டுக்குப் பதில் கல் பலகைகள்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கல் கிடக்கிறது. இரண்டு ஜாண் அகலம், நாலு விரற்கடை கனம், பால் கலந்த தேநீரின் நிறம். அம்மா அதில்தான் துணி துவைப்பார். சின்ன வயதில் ஒருநாள் ஈரம் காய்ந்துகொண்டிருந்தபோது அதில் மங்கலாக ஒரு மயிலின் வாலைப் பார்த்தேன். "அது தாத்தாவோட அச்சுக்கல்லு" என்று அம்மா சொன்னார். கல்லில் எப்படி அச்சடிக்க முடியும் என்று அன்றைக்குப் புரியவில்லை.

கல் அச்சின் முதல்தரக் கல் உலகம் முழுக்க இந்த மலையிலிருந்துதான் போனது. இவ்வளவு நுண்ணிய, இவ்வளவு சீரான சுண்ணாம்புக்கல் வேறு இடத்தில் கிடைப்பது அரிது. சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆழமில்லாத கடற்கழியில் சேறு படலம் படலமாகப் படிந்து இறுகியது. புத்தகத்தின் பக்கம் மாதிரி தட்டையாகப் பிரிகிறது. அச்சுக்கு என்று கல் எடுக்கப் போய்த்தான் 1861ல் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் உலகுக்குத் தெரிய வந்தது. அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதியே 'லித்தோகிராஃபிகா'. லித்தோகிராஃபி என்றால் கல் அச்சு. ஒரு பறவையின் பெயரில் எங்கள் தொழில் இருக்கிறது! ஊர் மியூசியத்தில் அந்தப் பறவையின் படிவம் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இந்த அச்சைக் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் செனெஃபெல்டர். நாடகம் எழுதுபவர். தன் நாடகங்களை அச்சடிக்கக் காசில்லாமல் மலிவான வழி தேடிக்கொண்டிருந்தார். 1796ல் ஒருநாள் சலவைக்குப் போடும் துணிக்கணக்கை எழுதக் காகிதம் அகப்படாமல், கையிலிருந்த எண்ணெய்ப்பசை மையால் கல்லில் எழுதி வைத்தாராம். அங்கிருந்து ஆரம்பித்து, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து ஒரு தொழிலையே கட்டிவிட்டார். எண்ணெய்ப்பசையால் வரைந்த இடம் மையைப் பிடிக்கும், நனைந்த இடம் மையைத் தள்ளும். அவ்வளவுதான். இன்றைக்கு ஆஃப்செட்டிலும் அதே கதை. கல் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு வந்திருக்கிறது, அவ்வளவே.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். "தண்ணி நிறுத்துறதுதான் பாப்பா மெஷின்காரனுக்கு வேலையே. மையை எவனும் ஊத்திருவான்" என்றார். என் சின்ன வயதிலிருந்து அவர் சொல்லும் வசனம். இன்று அச்சுக்கல் பிறந்த ஊரில் நின்று கேட்டேன். அப்புறம் கேமராவைக் கல்லுக்குக் கிட்டத்தில் கொண்டுபோகச் சொல்லி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம கிணத்தடிக் கல்லு மாதிரியே இருக்கு" என்றார்.

படம் போட்ட பெட்டி, லேபிள், நெய்த்தகரம் என்று நமக்குப் பழகிய எல்லாவற்றுக்கும் இந்த வழியில்தான் வண்ணம் வந்தது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்று பத்துப் பன்னிரண்டு கல் வைத்து ஒரே படத்தை அச்சடித்த காலம் அது. 1894ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்துக்கு மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தது, ஆட்களும் வந்தார்கள். பின்னால் அதை வாங்கி நடத்திய ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரும் ஜெர்மானியர்தான். நம் வீட்டுப் பூஜை அறை லட்சுமிக்கும் இந்த நாட்டுக் கல் அச்சுக்கும் அப்படியொரு உறவு உண்டு.

மூன்றாம் நாள், ஹைடெல்பெர்க்

எல்லோரும் கோட்டைக்கு ஏறினார்கள். நான் நகரின் நீளக் கடைத்தெருவில், ஒரு முற்றத்துக்குள் ஒதுங்கியிருக்கும் பழைய தேவாலயக் கட்டடத்துக்குப் போனேன். ஜெர்மன் பேக்கேஜிங் மியூசியம் அங்கேதான் இருக்கிறது. சாமி கும்பிட்ட கூடத்தில் இப்போது டப்பாக்கள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

நிவியாவின் கதையை ஒரு டிசைன்காரர் கட்டாயம் படிக்க வேண்டும். 1911ல் வந்த முதல் டப்பா மஞ்சள். அதைச் சுற்றிப் பச்சைக் கொடி வளைந்து வளைந்து ஓடும். அந்தக் காலத்து யூகென்ட்ஸ்டீல் பாணி: கொடி, இலை, பெண்ணின் கூந்தல் எல்லாம் நெளிந்து ஓடும் கலை. 1925ல் அவ்வளவையும் எடுத்துவிட்டு நீல டப்பா, வெள்ளை எழுத்து. 14 வருஷத்துக்குள் ஒரே பண்டத்தின் மேல் இரண்டு யுகங்கள். கொடியை எடுக்கச் சொன்னவருக்கு எத்தனை தைரியம் இருந்திருக்கும்! எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சேர்க்கத்தான் சொல்வார், எடுக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓடோல் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தின் புட்டி இன்னொரு பாடம். ட்ரெஸ்டன்காரரான கார்ல் ஆகஸ்ட் லிங்னர் 1890களில் கொண்டுவந்தது. வெள்ளைப் புட்டி, கழுத்து ஒரு பக்கமாக வளைந்திருக்கும். சாய்த்தால் மருந்து கொட்டாது, சொட்டும். லேபிளைக் கிழித்துவிட்டு இருட்டில் கையில் கொடுத்தாலும் இது ஓடோல்தான் என்று சொல்லிவிடலாம்.

இந்த ஊர்ப் பெயர் சிவகாசியில் எந்த அச்சுக்கூடப் பையனுக்கும் தெரியும். ஊரென்று தெரியாது, மெஷின் என்றுதான் தெரியும். இரண்டு கை காற்றாடி மாதிரி சுற்றிக் காகிதத்தை எடுத்துப் போடுமே, அந்த ஹைடெல்பெர்க் பிளாட்டன். 1985ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பட்டறையில் இன்னும் ஓடுகிறது. அச்சுக்கு இல்லை, டை வைத்து அட்டை வெட்டுவதற்கும் மடிப்புக் கோடு போடுவதற்கும்.

நான்காம் நாள், வால்டன்புக்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பேருந்து. சாக்லேட் தொழிற்சாலையும் அதன் பக்கத்திலேயே ஓவிய மியூசியமும். 1932ல் க்ளாரா ரிட்டர் அம்மாள் சொன்ன யோசனை: விளையாட்டு பார்க்கப் போகிறவரின் கோட்டுப் பையில் உடையாமல் அடங்குகிற, ஆனால் எடை குறையாத சாக்லேட். விளைவு, ரிட்டர் ஸ்போர்ட்டின் 100 கிராம் சதுரம். 1970களில் ருசிக்கு ஒரு வண்ணம் வைத்தார்கள். 1976ல் நடுவில் மடக்கினால் உறை பிரிந்து சாக்லேட்டும் உடைகிற மாதிரி செய்தார்கள். சதுர வடிவத்தின் டிரேட்மார்க்குக்காக வருஷக்கணக்கில் நடந்த வழக்கில் 2020ல் நீதிமன்றம் இவர்கள் பக்கம் சொன்னது.

பேத்தி மார்லி ஹோப்பே-ரிட்டர் சேர்த்த ஓவியங்களுக்காக 2005ல் திறந்தது அந்த மியூசியம். எல்லாம் சதுரத்தை ஆராயும் ஓவியங்கள். பாட்டி சட்டைப்பைக்காகச் சொன்ன வடிவத்தைப் பேத்தி சுவரில் மாட்டியிருக்கிறார். எனக்கு ஓவியங்களைவிட அந்த 'டக்' சத்தம்தான் பிடித்திருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் நாலு சாக்லேட்டை மடக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள், ஹனோவர்

பாஹ்ல்சன் பிஸ்கட் நிறுவனக் கட்டடத்தின் முகப்பில் தொங்கும் பொன்னிறப் பிஸ்கட்டை வெளியிலிருந்து பார்த்தேன். 1891ல் வந்த லைப்னிட்ஸ் பிஸ்கட்டுக்கு 52 பல். ஊரில் வாழ்ந்த தத்துவஞானியின் பெயர் அதற்கு. அப்போதெல்லாம் பிஸ்கட் சில்லறையாகப் போகும், நமுத்தும் போகும். ஈரமும் தூசியும் புகாத அட்டைப் பொட்டலத்தை இவர்கள் கொண்டுவந்தபோது, 1904 வாக்கில் அதன் மேல் 'டெட்' என்று ஓர் எகிப்தியச் சித்திர எழுத்தைப் போட்டார்கள். என்றைக்கும் நிலைத்திருப்பது என்று அர்த்தம். ஜெர்மன் பெட்டியின் மேல் எகிப்து! நாட்டுப் பெருமையைச் சொல்லக் கோட்டைப் படம் போடவில்லை, பெட்டி என்ன வேலை செய்கிறதோ அதைச் சொல்லும் சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். நோட்டில் இதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

அப்புறம் ஷ்ப்ரெங்கல் மியூசியம். குர்ட் ஷ்விட்டர்ஸ் இந்த ஊர்க்காரர். பயணச்சீட்டு, உறை, கிழிந்த லேபிள் என்று தெருவில் எறிந்த காகிதத்தை எல்லாம் ஒட்டி ஓவியம் செய்தவர். தன் கலைக்கு அவர் வைத்த 'மெர்ட்ஸ்' என்ற பெயரே ஒரு வங்கி விளம்பரத்தில் 'கொமெர்ட்ஸ்' என்ற சொல்லிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அவரே 1924ல் விளம்பர நிலையம் தொடங்கி, ஹனோவரின் பெலிகான் மை நிறுவனத்துக்கு வேலை செய்தார். நாம் செய்யும் பெட்டி ஒரு நாளில் குப்பைக்குப் போகும். அதிலும் ஒரு மனிதர் கண்ணை வைத்துப் பொறுக்கி எடுத்தார் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. அந்த ஒட்டுப்படங்களில் பெயர் தெரியாத எத்தனை லேபிள்காரர்களின் வேலை கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது!

ஆறாம் நாள், ட்ரெஸ்டன் வரை

நாள் முழுக்க ரயில், மழை. ஸ்டேஷன் கடையில் காலித் தண்ணீர்ப் புட்டியை மெஷினில் திருப்பிப் போட்டு, வாங்கும்போது முன்பணமாகக் கொடுத்த 25 சென்ட்டை வாங்கிக்கொண்டேன். மெஷின் புட்டியைச் சுழற்றி லேபிளைப் படித்த பிறகுதான் காசு தருகிறது. நசுங்கிப் போனால் படிக்காது. பெட்டியின் ஆயுள் விற்பனையோடு முடிவதில்லை என்று இங்கே டிசைன் போடும்போதே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஏழாம் நாள், ஸைஃபன்

இரண்டு ரயில் மாறி ஓல்பர்ன்ஹவ், அங்கிருந்து பேருந்து. செக் எல்லையை ஒட்டிய மலை கிராமம். ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கம். தாது குறைந்ததும் ஜனங்கள் மரக் கடைசலுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் பொம்மை என்றால் ஜெர்மனி முழுக்க இந்த மலைப்பக்கத்தைத்தான் சொல்வார்கள்.

கடைசல்காரர் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்தேன். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் ஈரமான வட்டத் துண்டைக் கடைசலில் மாட்டி, உளியால் குழித்துக்கொண்டே போகிறார். மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு மேடு. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் வளையம், ஓர் உருவமும் தெரியவில்லை. கடைசியில் வளையத்தைக் கழற்றி, கத்தியை வைத்துக் கேக் வெட்டுவது போல ஒரு கீற்றைப் பிளந்து என் கையில் வைத்தார். கீற்றின் வெட்டுமுகத்தில் பசுமாடு நின்றது! கழுத்து, முதுகு, கால், எல்லாம். ஒரே வளையத்திலிருந்து டஜன் கணக்கில் பசு. அவர் மாட்டைப் பார்க்காமலே மாட்டைச் செய்கிறார். கை மட்டும்தான் பார்க்கிறது.

பக்கத்தில் ஒரு வட்டப் பெட்டி இருந்தது. மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வளைத்து, ஓரத்தைச் சேர்த்துச் செய்தது. ஷ்பான்ஷாக்டல் என்கிறார்கள். இந்த ஊர்ப் பொம்மைகள் ஒரு காலத்தில் இந்த மாதிரிப் பெட்டியில்தான் வெளியூர் போயின. கையில் எடுத்ததும் கருப்பட்டி கட்டி வரும் ஓலைக்கொட்டான் நினைவு வந்துவிட்டது. பனை இருந்த ஊரில் ஓலையை மடித்தார்கள், ஸ்ப்ரூஸ் இருந்த ஊரில் மரத்தைச் சீவினார்கள். காட்டில் கிடைத்ததே பெட்டி, பெட்டிக்குள்ளும் அதே காடு. மேலே ஊர்ப் படம் எதற்கு?

கிளம்பும் நேரத்தில் ஒரு கடையில் நுழைந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் தட்டு நிறைய தீப்பெட்டி. சிவகாசிக்காரிக்கு வேறெதில் கண் போகும்? சாதாரணத் தீப்பெட்டி அளவு. உள்பெட்டியை விரலால் தள்ளினேன். குச்சி இல்லை. ஒரு கிராமம் இருந்தது. ஸைஃபனின் எண்கோணத் தேவாலயம், மூன்று சுருள் மரம், கறுப்பு அங்கி போட்ட குட்டிப் பாடகர்கள். ஒவ்வொரு பாடகரும் ஒரு நெல்மணி உயரம். அவர்களுக்கு முகத்தில் இரண்டு புள்ளிக் கண், ஒரு புள்ளி வாய். பாடுகிற வாய். மூடினேன், மறுபடி தள்ளினேன். எத்தனை முறை தள்ளினேன் என்று தெரியவில்லை. கடையிலிருந்த பாட்டி சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டினார், அதில் ஆட்டு மந்தை.

எங்கள் தெருவில் எத்தனை கோடித் தீப்பெட்டி செய்திருப்போம். உள்ளே குச்சி என்பதைத் தவிர வேறு ஒன்று இருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரவு விடுதியில் உட்கார்ந்து அட்டைத் துண்டை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். வெளிப்பெட்டி வெறும் ஒரே வண்ணம், பண்டத்தின் பெயர் மட்டும். கோட்டை இல்லை, பனி இல்லை, கொக்கி எழுத்து இல்லை. உள்பெட்டியை இழுக்கும்போது அதோடு மடிந்திருக்கும் அட்டை நிமிர்ந்து, பிஸ்கட்டுகளுக்குப் பின்னால் ஒரு தெரு எழும்ப வேண்டும். முதல் துண்டில் மடிப்பு சிக்கியது. இரண்டாவதில் தேவாலயம் சாய்ந்தது. மூன்றாவதில் நின்றது, ஆனால் திரும்பத் தள்ளும்போது கூரை மடங்குகிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டைக்கு மடிப்புக் கோடு இன்னும் ஆழமாக விழ வேண்டும்.

அளவுகளை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை பிளாட்டனில் நாலு டம்மி வெட்டி வைப்பார். கூரைக்கு மட்டும் இரண்டு கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.